மேன்ஹோல் வாய்ல நிக்கிற வேலை

ஷிப்யார்ட்ல கன்ஃபைன்ட் ஸ்பேஸ் அட்டெண்டன்ட்னு ஒரு வேலை இருக்கு. நம்ம பசங்க வாயில அது மேன்ஹோல் வாட்ச்மேன். டேங்குக்குள்ள ஆளுங்க வெல்டிங், கிரைண்டிங்னு வேர்த்து ஊத்திக்கிட்டு கெடப்பாங்க, இவரு மேல வாய்ல ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டு உக்காந்து பேர் அட்டையைப் பாத்துக்கிட்டு இருப்பாரு, அதனால புதுசா சிங்கப்பூர் வர்ற தம்பிங்களுக்கு அந்த வேலை மேல ஒரு இளக்காரம். வயசானவங்களுக்கும் கையில அடிபட்டவங்களுக்கும் ஒதுக்குற வேலைன்னு நெனப்பு. சில ஃபோர்மேனுக்கே அப்படித்தான் நெனப்பு, பிரச்சனையே அங்கதான் ஆரம்பிக்குது. நான் ஃபிட்டரா வந்து, அப்புறம் அட்டெண்டன்ட் கோர்ஸ், அதுக்கப்புறம் அசெஸ்ஸர் கோர்ஸ் முடிச்சு இப்ப கேஸ் செக் பண்ற வேலையில இருக்கேன். உள்ளயும் கெடந்திருக்கேன், வெளியயும் நின்னிருக்கேன். ரெண்டுல எது பெரிய வேலைன்னு கேட்டா வெளிய நிக்கிறதுதான்னு அடிச்சு சொல்வேன். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

மொதல்ல, கன்ஃபைன்ட் ஸ்பேஸ்னா இடம் சின்னதா இருக்கணும்னு இல்ல. சில கார்கோ டேங்க் நம்ம ஊரு கல்யாண மண்டபம் சைஸுக்கு இருக்கும், அதுவும் கன்ஃபைன்ட் ஸ்பேஸ்தான். காத்து தானா வந்து போக வழி இல்ல, ஏறி எறங்குறது கஷ்டம், உள்ள விஷவாயுவோ ஆக்சிஜன் கொறைச்சலோ தீப்பிடிக்கிற ஆவியோ இருக்க வாய்ப்பு இருக்கு, இதுதான் கணக்கு. கப்பல் ஆடாம நிக்கக் கடல்தண்ணி நிரப்புற பேலஸ்ட் டேங்க், டபுள் பாட்டம், சும்மா காலியா விட்டிருக்கிற வாய்ட் ஸ்பேஸ், ரெண்டு டேங்குக்கு நடுவுல இடைவெளியா விடுற காஃபர்டேம், நங்கூரச் சங்கிலி கெடக்குற செயின் லாக்கர் எல்லாம் இதுல வரும். எதுல வேலை பாக்கப் பிடிக்காதுன்னு கேட்டா நான் டபுள் பாட்டத்தைச் சொல்வேன். கப்பலோட அடித்தகட்டுக்கும் அதுக்கு மேல இருக்கிற தட்டுக்கும் நடுவுல, நெறைய எடத்துல ஆள் நிமிர்ந்து நிக்க முடியாத உசரம், வரிசையா குறுக்குத் தகடு, அந்தத் தகட்டுல வெட்டியிருக்கிற ஓட்டை வழியா தவழ்ந்து தவழ்ந்து போகணும். மேல இருக்கிற மேன்ஹோல் பெரும்பாலும் முட்டை வடிவம், 600க்கு 400 மில்லிமீட்டர். ஏழெட்டு ஓட்டை தாண்டி உள்ள போனப்புறம் லைட் போச்சுன்னா வந்த வழி எந்தப் பக்கம்னு பழைய ஆளுக்கே குழம்பிடும்.

"உள்ள எண்ணெய் இல்ல, கெமிக்கல் இல்ல, வெறும் இரும்புதானே, கேஸ் எங்கேருந்துண்ணே வரும்?" இதைக் கேக்காத ஆளே இல்ல. இரும்பு துருப்பிடிக்கவே ஆக்சிஜன் வேணும்ல. மூடி போட்டு போல்ட் இறுக்கி வச்ச டேங்க்ல உப்புத்தண்ணி ஈரம் இருந்தா, உள்ள இருக்கிற ஆக்சிஜனைத் துரு கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும், புதுசா வர வழி கிடையாது. வெளிக்காத்துல 20.9 சதவீதம் இருக்கிறது உள்ள பத்து கிட்ட கூட எறங்கிக் கெடக்கலாம். வாசம் இருக்காது, கண்ணு எரியாது, மூச்சு கூட முட்டாது. மூச்சு முட்டுதுன்னு நமக்குத் தோணுறதே உடம்புல கார்பன் டை ஆக்சைடு சேர்றதால, ஆக்சிஜன் கொறையறதால இல்ல. உள்ள எறங்குனவன் வழக்கம்போல மூச்சை இழுத்து விட்டுக்கிட்டுதான் இருப்பான், கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிக்கிட்டேதான் இருக்கும், அதனால உடம்புக்கு ஒண்ணும் தப்பாவே தெரியாது. 16க்குக் கீழ புத்தி தடுமாற ஆரம்பிக்கும், 10 கிட்ட போனா மயக்கம், 6க்குக் கீழன்னா ரெண்டு மூணு மூச்சுலயே ஆள் விழுந்துருவான். "ஒரு மாதிரி இருந்தா உடனே ஏறி வந்துருவேன்"னு சொல்றவங்க இருக்காங்க பாருங்க, அவங்களுக்காகத்தான் இதை இவ்ளோ விளக்குறேன். ஒரு மாதிரி இருக்காது. நல்லா இருக்கும், அப்புறம் ஒண்ணுமே இருக்காது.

ஒரு யார்டுல பழைய பல்க் கேரியர், அதாவது தானியம், நிலக்கரி மாதிரி சரக்கை அப்படியே கொட்டி ஏத்துற கப்பல், ஒண்ணு டாக்ல ஏறியிருந்துச்சு. அதுல ஒரு வாய்ட் ஸ்பேஸ் மூடியை அப்பதான் கழட்டியிருந்தாங்க, உள்ள காத்து அடிக்கிற ப்ளோயர் இன்னும் வந்து சேரல. காரைக்குடிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், நல்ல வேலைக்காரன், "அண்ணே ஒரே நிமிஷம், தகடு எவ்ளோ அரிச்சிருக்குன்னு எறங்கிப் பாத்துட்டு வந்துர்றேன்"னு ஏணியில காலை வச்சுட்டான். வாய்ல நின்னவரு ஒரு பங்களாதேஷ்காரர், அதிகம் பேச மாட்டாரு, கையை நீட்டி மறிச்சுட்டு என்னைக் கூப்பிட்டாரு. கேஸ் மீட்டர் ட்யூபை உள்ள விட்டு ஆக்சிஜனைப் பாத்தோம். வாய்ப்பக்கம் 20.7, பாதி ஆழத்துல 17, அடியில 11 சொச்சம். பாதி ஏணி எறங்குறப்பவே கை தளர்ந்திருக்கும்டா, முதல்ல அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுன்னேன். வாங்கிக் கொடுத்தான், அன்னைலேருந்து அந்தப் பையன் மீட்டரைப் பாக்காம எதுலயும் காலை வைக்க மாட்டான்.

இப்ப மீட்டர் கதைக்கு வர்றேன். மீட்டர் இருக்கு, அதனால சேஃப்னு நெனைக்கிறவங்க ரொம்ப அதிகம், அதான். நாங்க வச்சிருக்கிறது நாலு கேஸ் மீட்டர்: ஆக்சிஜன், தீப்பிடிக்கிற கேஸ், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. சிங்கப்பூர்ல 2009ல வந்த கன்ஃபைன்ட் ஸ்பேஸ் ரூல்ல ஆக்சிஜன் 19.5க்கும் 23.5க்கும் நடுவுல, தீப்பிடிக்கிற கேஸ் எல்இஎல்ல 10 சதவீதத்துக்குக் கீழன்னு போட்டிருக்கு. எல்இஎல்னா அந்த கேஸ் காத்துல குறைஞ்சபட்சம் எவ்ளோ கலந்தா நெருப்பு பட்டதும் பத்திக்குமோ அந்த அளவு, மீத்தேனுக்கு அது 5 சதவீதம். மீட்டர்ல 10னு வந்தா காத்துல 10 சதவீதம் கேஸ் இருக்குன்னு இல்ல, பத்திக்கிற எல்லைல பத்துல ஒரு பங்கு வந்தாச்சுன்னு அர்த்தம். இது தெரியாமலே மீட்டரைப் பிடிச்சிருக்கிற சூப்பர்வைசரையும் பாத்திருக்கேன்.

காலைல மீட்டரை ஆன் பண்ணுறதுலயே ரெண்டு விஷயம் இருக்கு. ஜீரோ செட் பண்றதை நல்ல காத்துல பண்ணணும், ஜெனரேட்டர் புகை பக்கத்துல நின்னு பண்ணினா அந்தப் புகையையே மீட்டர் சுத்தமான காத்துன்னு எடுத்துக்கும், நாள் முழுக்க பொய் சொல்லும். அப்புறம் பம்ப் டெஸ்ட், அதாவது தெரிஞ்ச கேஸை சிலிண்டர்லேருந்து கொஞ்சம் காட்டி சென்சர் உசுரோட இருக்கான்னு பாக்குறது. ஸ்கிரீன்ல ஜீரோ காட்டுறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், உள்ள கேஸ் இல்ல, இல்லன்னா சென்சர் செத்துப்போச்சு. பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அப்புறம் ட்யூப். பத்து மீட்டர் ட்யூபை உள்ள விட்டா அடியில இருக்கிற காத்து மீட்டர் வரைக்கும் ஏறி வரணும், வந்தப்புறம் சென்சர் கணக்குப் போட இன்னும் நேரம் வேணும். அவசரத்துல ட்யூபை விட்டு உடனே உருவுனா நாம பாத்தது ட்யூபுக்குள்ள இருந்த வெளிக்காத்தை. ஒவ்வொரு ஆழத்துலயும் நிறுத்தி நம்பர் அசையாம நிக்கிற வரைக்கும் பொறுக்கணும். மேல, நடுவுல, அடியில மூணு எடத்துலயும் ஏன் பாக்கணும்னா கேஸுங்க எடை வேற வேற, மீத்தேன் லேசு, மேல போய் நிக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு காத்தை விடக் கனம், வெல்டிங்குக்கு விடுற ஆர்கான் இன்னும் கனம், ரெண்டும் பள்ளத்துல தங்கும். ஸ்டெயின்லெஸ் பைப் வெல்டிங்ல ஆர்கான் பர்ஜ் பண்ற, அதாவது பைப்புக்குள்ள காத்தைத் தள்ளிட்டு ஆர்கானை நிரப்புற எடத்துல நாலு கேஸ் மீட்டர்ல ஆர்கான்னு தனியா எதுவும் காட்டாது, ஆக்சிஜன் எறங்குறதை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

ஆக்சிஜனை எப்பவும் மொதல்ல பாக்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணம், தீப்பிடிக்கிற கேஸை அளக்குற சாதாரண சென்சர் அந்த கேஸை உள்ளுக்குள்ள எரிச்சுப் பாத்துத்தான் அளக்குது, எரியறதுக்கு ஆக்சிஜன் வேணும். நைட்ரஜன் அடிச்சு வச்ச டேங்க்ல ஆக்சிஜன் ரெண்டோ மூணோ இருக்கும், அங்க எல்இஎல் கம்மியா காட்டினா அதுல ஒரு அர்த்தமும் இல்ல.

நான் பையங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு. ஆக்சிஜன் 19.9 காட்டுது, அலாரம் அடிக்கல, 19.5க்கு மேலதானே இருக்கு, போலாமான்னு கேப்பாங்க. காத்துல அஞ்சுல ஒரு பங்குதான் ஆக்சிஜன். வேற ஏதோ ஒரு கேஸ் உள்ள வந்து காத்தைத் தள்ளினதால ஆக்சிஜன் 1 கொறைஞ்சிருக்குன்னா அந்த வேற கேஸ் கிட்டத்தட்ட 5 சதவீதம் உள்ள இருக்கு. 5 சதவீதம்னா 50,000 பிபிஎம், பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு வேலை எடத்துல அனுமதிச்ச அளவு 10 பிபிஎம், கார்பன் மோனாக்சைடுக்கு 25. மீட்டருக்குத் தெரிஞ்ச கேஸா இருந்தா அதுவே கத்தும், தெரியாத கேஸா இருந்தா அந்த 19.9 மட்டும்தான் நமக்குக் கெடைக்கிற துப்பு. துருவாலதான் கொறைஞ்சுதுன்னா வேற விஷயம், ஆனா அது துருவாலதான்னு நமக்கு யாரு சொன்னது? 20.9 இல்லன்னா ஏன் இல்லன்னு காரணம் தெரியாம நான் பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேன், இதுக்காக ப்ராஜெக்ட் மேனேஜர் ஒருத்தர் ரெண்டு மாசம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல, பேசலன்னா போகட்டும்.

ஸ்லட்ஜ், அதாவது அடியில படிஞ்ச சகதி இருக்கிற டேங்க் வேற ரகம். கலங்காம கெடக்கும்போது அளந்தா மீட்டர் ஜீரோன்னு சாதுவா இருக்கும், காலை வச்சுக் கலக்குன ஒடனே அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு மொத்தமா மேல வரும். அழுகின முட்டை நாத்தம் வருமே, தெரிஞ்சுருமேன்னு சொல்வாங்க. கொஞ்சமா இருக்கும்போது வரும், 100 பிபிஎம்மைத் தாண்டினா மோந்து பாக்குற நரம்பே மரத்துப்போகும், நாத்தம் நின்னுடும், உள்ள இருக்கிறவன் கேஸ் போயிருச்சுன்னு நெனச்சுக்குவான். அதனால எறங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்தது பத்தாது, சட்டைல மாட்டுற மீட்டர் ஆளோட உள்ளயே இருக்கணும், வேலை முடியுற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கணும். துணி மாஸ்க், தூசி மாஸ்க், ஃபில்டர் வச்ச மாஸ்க் எல்லாம் ஆக்சிஜன் கொறைஞ்ச எடத்துல எதுக்கும் உதவாது. ஃபில்டர் ஆக்சிஜனை உண்டாக்காது இல்லையா.

ஆக்சிஜன் அதிகமானாலும் ஆபத்துதான், இதை நெறைய பேர் நம்ப மாட்டாங்க. கேஸ் கட்டிங் பண்றவன் சாப்பாட்டு நேரத்துல ஹோஸையும் டார்ச்சையும் டேங்க்லயே போட்டுட்டு மேல வந்துருவான், வால்வுல லேசா கசிவு இருக்கும், சாப்பிட்டு வர்றதுக்குள்ள உள்ள ஆக்சிஜன் ஏறியிருக்கும். அசிட்டிலீன் கசிஞ்சா அது இன்னும் மோசம், காத்துல 2.5 சதவீதமே போதும் பத்திக்க. ஆக்சிஜன் ஏறின எடத்துல போட்டிருக்கிற சட்டை கூட பொசுக்குன்னு புடிக்கும், அணைக்கவும் முடியாது. டீ பிரேக்கா இருந்தாலும் ஹோஸ் வெளிய வரணும், சிலிண்டர் பக்கம் கனெக்ஷனைக் கழட்டணும். உள்ள வெக்கையா இருக்குன்னு ஆக்சிஜன் ஹோஸைத் தொறந்து முகத்துல விட்டுக்கிட்ட ஆளைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன், சொல்லவே பயமா இருக்கு.

தீன்னா என்னன்னு சிங்கப்பூர் யார்டு ஆளுங்களுக்குத் தெரியும். 2004 மே 29ம் தேதி அல்முதைனாங்கிற கப்பல்ல ரிப்பேர் நடக்கிறப்ப தீப்பிடிச்சு 7 தொழிலாளிங்க செத்துப்போனாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல நிக்கல் ஹைவே பக்கத்துல எம்ஆர்டி மெட்ரோ ரயில் வேலைக்குத் தோண்டின பள்ளம் சரிஞ்சு 4 பேர். அதுக்கப்புறம்தான் பழைய ஃபேக்டரி சட்டத்தைத் தூக்கிட்டு 2006ல ஒர்க்பிளேஸ் சேஃப்டி அண்ட் ஹெல்த் சட்டத்தைக் கொண்டு வந்தாங்க. இன்னைக்கு வெல்டிங், கட்டிங் மாதிரி நெருப்பு வர்ற ஹாட் ஒர்க்குக்குத் தனி பெர்மிட், எறங்குறதுக்குத் தனி பெர்மிட், பக்கத்து டேங்க்ல பெயிண்ட் அடிச்சா இந்த டேங்க்ல வெல்டிங் கூடாதுன்னு சண்டை போடுறோமே, அந்தக் கட்டுப்பாட்டுக்கெல்லாம் ஆளுங்க உசுரைக் கொடுத்திருக்காங்க. பேப்பர் வேலை ஜாஸ்தின்னு அலுத்துக்கிறப்ப இதையும் கொஞ்சம் நெனச்சுக்கலாம்.

ப்ளோயர் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். வாய்ல ப்ளோயரை வச்சு ஆன் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதுன்னு இல்ல, டக்ட்ங்கிற காத்துக் குழாய் அடி வரைக்கும், ஆள் வேலை பாக்குற மூலை வரைக்கும் போகணும், இல்லன்னா உள்ள விட்ட காத்து அதே வாய் வழியா திரும்பி வந்துரும், உள்ள ஒண்ணும் மாறியிருக்காது. ப்ளோயர் காத்து இழுக்குற எடத்துல லாரியோ கம்ப்ரஸரோ ஓடுனா அந்தப் புகை நேரா உள்ள இருக்கிறவன் நெஞ்சுக்குப் போகும். முடிஞ்ச வரைக்கும் ரெண்டு மேன்ஹோல் தொறக்கச் சொல்லுங்க, ஒண்ணுல டக்ட், இன்னொண்ணுல ஆளு. இருக்கிற ஒரே ஓட்டைல டக்டையும் கேபிளையும் ஹோஸையும் திணிச்சு வச்சுட்டா ஓடி வர்றவன் எது வழியா வருவான்? லைட்டு 24 வோல்ட் கைவிளக்குதான் எடுத்துட்டுப் போகணும், நம்ம பழைய இந்திய ஃபேக்டரி சட்டத்துல கூட, 1948ல போட்டது, 36ஏ பிரிவுல இதே 24 வோல்ட்தான் இருந்துச்சு. ஈரத் தகட்டு மேல படுத்துக்கிட்டு 230 வோல்ட் லைட்டைக் கையில வச்சிருக்கிறவனுக்கு கேஸே தேவையில்ல.

சரி, இப்ப வெளிய நிக்கிற ஆளு. அவரு வேலை என்ன? உள்ள யார் யார் இருக்காங்கன்னு பேர் அட்டை போர்டுல இருக்கணும், போறவன் அட்டையை மாட்டணும், வர்றவன் எடுக்கணும், அவரு கணக்கும் உள்ள இருக்கிற தலையும் எப்பவும் ஒத்துப்போகணும். ப்ளோயர் நிக்குதா, வெளிய சூழ்நிலை மாறுதா, பக்கத்துல எவனாவது தின்னர் டப்பாவைத் தொறக்குறானான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். குரல் கொடுத்துக்கிட்டே இருக்கணும். இரும்புக்குள்ள வாக்கிடாக்கி பல நேரம் வேலை செய்யாது, அதனால நாங்க தட்டுறதுக்குன்னு ஒரு கணக்கு வச்சுக்குவோம், எறங்குறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கணும், இத்தனை தட்டுன்னா நல்லா இருக்கேன், விடாம தட்டினா எல்லாரும் வெளிய வா. டபுள் பாட்டம்னா ஒருத்தர் பத்தாது, நடுவுல கண்ணுக்குத் தெரியுற தூரத்துல இன்னொரு ஆளு வேணும், குரல் அத்தனை தகட்டைத் தாண்டி வராது.

இவ்ளோவையும் பாக்குற மனுஷனைத்தான் ஃபோர்மேன் வந்து "சும்மாதானே நிக்கிற, ஓடிப்போய் கிரைண்டிங் டிஸ்க் நாலு எடுத்துட்டு வா"ன்னு சொல்வாரு. இதை நான் எல்லா யார்டுலயும் பாத்திருக்கேன், நல்ல யார்டு கெட்ட யார்டுன்னு வித்தியாசமே இல்ல. அவரு போயிட்டு வர்ற அந்தப் பத்து நிமிஷம் உள்ள இருக்கிறவன் இந்த உலகத்துல யாருக்கும் தெரியாத எடத்துல கெடக்கான். அட்டெண்டன்ட்டா நிக்கிற தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்றேன், யார் கூப்பிட்டாலும் "ஆளை மாத்திவிடுங்க பாஸ், அப்புறம் போறேன்"னு சொல்லுங்க. மரியாதையா சொல்லுங்க, ஆனா நகராதீங்க. ஒண்ணுக்கு போறதா இருந்தாலும் மாத்தாள் வந்து நின்னப்புறம்தான். திட்டு விழும், விழட்டும்.

இதை விடக் கஷ்டமான வேலை ஒண்ணு அவருக்கு இருக்கு, உள்ள ஒருத்தன் விழுந்தா தானும் எறங்காம இருக்கிறது. அமெரிக்கால நியோஷ்ங்கிற அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் 1986லயே எழுதி வச்சிருக்கு, கன்ஃபைன்ட் ஸ்பேஸ்ல செத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்தப் போனவங்கன்னு. நம்ம ஊரு பேப்பரை எடுத்துப் பாருங்க, மூணு பேர் சாவு, நாலு பேர் சாவுன்னு வரும், தனியா ஒருத்தர்னு வர்றது கம்மி. மொத ஆளு விழுவான், அண்ணன் எறங்குவான், அவங்களைத் தூக்க மேஸ்திரி எறங்குவாரு. எல்லாரும் நல்லவங்க, பாசக்காரங்க, அதனாலதான் சாவுறாங்க.

இன்னொரு யார்டுல ஒரு டபுள் பாட்டம் வேலை, மத்தியானம், வெயில்ல தகடு கொதிக்குது. உள்ள இருந்த ஒரு வெல்டர் சாய்ஞ்சுட்டாரு, கூட இருந்தவன் கத்துனான். அவரோட சொந்தத் தம்பி அதே டெக்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தவன் ஓடி வந்து மேன்ஹோல்ல தலையை விட்டுட்டான். அட்டெண்டன்ட்டா நின்ன பெரியவர் திருவாரூர்க்காரர், ஒல்லியான ஆளு, அந்தப் பையன் உடம்புல மாட்டியிருந்த ஹார்னஸ் பெல்ட்டைப் பின்னாடி பிடிச்சு இழுத்து அவன் மேலயே உக்காந்துட்டாரு. நெஜமாவே உக்காந்துட்டாரு. உக்காந்துக்கிட்டே ரேடியோல எமர்ஜென்சிக்குச் சொன்னாரு, உள்ள இருந்த மத்தவங்களை வெளிய வரச் சொல்லிக் கத்துனாரு, இன்னொரு ப்ளோயரையும் உள்ள திருப்பச் சொன்னாரு. அந்தத் தம்பி அவரைக் கெட்ட வார்த்தைல திட்டுனான், அழுதான், அவரு அசையல. ரெஸ்க்யூ டீம் வந்து மொதல்ல மீட்டர் விட்டு, மூச்சுக்காத்து சிலிண்டர் மாட்டிக்கிட்டு எறங்கி, ஸ்ட்ரெச்சர்ல கட்டித் தூக்குனாங்க. வெக்கையில வந்த மயக்கம்தான்னு அப்புறம் தெரிஞ்சுது, ஆள் பொழைச்சுட்டாரு. கேஸ் இல்லையே, தம்பி எறங்கியிருந்தா இன்னும் சீக்கிரம் தூக்கியிருக்கலாமேன்னு நாங்க தங்குற டார்ம்ல அன்னைக்கு ராத்திரி பேச்சு ஓடுச்சு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கல. அந்த நிமிஷத்துல அது வெக்கையா கேஸான்னு மேல நின்ன யாருக்குத் தெரியும்?

ரெஸ்க்யூவை வாயால சொல்றது சுலபம். ட்ரில்ல ஒரு தடவை செஞ்சு பாருங்க, அப்பத்தான் தெரியும். முதுகுல சிலிண்டரோட 400 மில்லிமீட்டர் ஓட்டைல நுழையுறதே பெரும்பாடு, சிலிண்டரைக் கழட்டி முன்னாடி தள்ளிட்டுப் போலாம்னு எவனும் சும்மா முயற்சி பண்ணக் கூடாது, முகமூடி நழுவினா காப்பாத்த வந்தவனும் சேர்ந்து போவான். அரை மணி நேரம்னு எழுதியிருக்கிற சிலிண்டர் பதட்டத்துல இழுக்குற மூச்சுக்கு அவ்ளோ நேரம் வராது. நேரா கீழ எறங்குற குழின்னா ட்ரைபாட், வின்ச், ஹார்னஸ் கயிறு மாட்டி மேலேருந்தே சுத்தித் தூக்கிடலாம், யாரும் எறங்கவே வேண்டாம், அதைவிட நல்லது எதுவுமே இல்ல. டபுள் பாட்டத்துல அந்தக் கயிறு ஒவ்வொரு ஓட்டையிலயும் சிக்கும். அதனால எறங்குறதுக்கு முன்னாடியே ஒரு கேள்விக்கு பதில் வேணும்: இந்த மூலையில ஒருத்தன் விழுந்தா எப்படித் தூக்குவோம்? "சிவில் டிஃபென்ஸுக்கு 995 அடிப்போம்"ங்கிறது மட்டும் பதிலா இருந்தா வேலையை ஆரம்பிக்காதீங்க. மூளைக்கு ஆக்சிஜன் இல்லாம சில நிமிஷம்தான், வண்டி யார்டு கேட்டுக்கு வந்து கப்பல் ஏறி டேங்க் வாய்க்கு வர்றதுக்குள்ள அது முடிஞ்சுடும்.

லீவுல ஊருக்கு வரும்போதுதான் எனக்கு வயித்தைக் கலக்கும். அங்க பெர்மிட்டும் மீட்டரும் இல்லாம ஒருத்தன் காலை வச்சாலே வேலையை நிறுத்துறோம், இங்க கிணத்துக்கு தூர் வார வர்றவங்க கயித்தைக் கட்டிக்கிட்டு எறங்கிடறாங்க. பழைய ஆளுங்க ஒண்ணும் தெரியாதவங்க இல்ல, வேப்பங்கொழையைக் கட்டி கிணத்துக்குள்ள மேலயும் கீழயும் இழுத்து காத்தைக் கலக்கி விடுவாங்க, விளக்கைக் கொளுத்தி எறக்கிப் பாப்பாங்க. கொழை இழுக்குறது ஓரளவுக்குக் காத்தை அசைக்கும், அதை நான் கொறை சொல்ல மாட்டேன். விளக்கு அணைஞ்சா எறங்காதேன்னு எடுத்துக்கலாம், ஆனா அணையலன்னா எறங்கலாம்னு எடுத்துக்கக் கூடாது, விஷவாயுவை விளக்கு காட்டாது, மீத்தேன் இருந்தா விளக்கே வெடியாயிடும். கிணத்துக்குள்ள திட்டுல ஆயில் எஞ்சினை வச்சு ஓட்டித் தண்ணி எறைக்கிறது அதைவிட மோசம், புகைல வர்ற கார்பன் மோனாக்சைடு மேல ஏறாம உள்ளயே நிறையும், அதுக்கு வாசமே கிடையாது. எஞ்சினை மேல வைங்க, இல்லன்னா கரண்ட் மோட்டார் போடுங்க. வெட்டுக் கிணத்துல வெடி வச்சப்புறமும் இதே கதைதான், புகை கலைஞ்ச மாதிரி தெரியும், அடியில தங்கியிருக்கும்.

செப்டிக் டேங்குக்கு ஆளை எறக்குறது சட்டப்படியே குத்தம், 2013ல வந்த சட்டம் இருக்கு, 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் இதுல செத்தவங்க குடும்பத்துக்கு நஷ்ட ஈட்டை 30 லட்சமா ஏத்திச்சு. தமிழ்நாட்டுல 14420க்கு போன் பண்ணினா கழிவை உறிஞ்சுற லாரிக்கு ஏற்பாடு பண்ணுவாங்க. அடியில கெட்டியா கெடக்கு, ஆள் எறங்கித்தான் வாரணும்னு லாரிக்காரரே சொன்னாலும் ஒத்துக்காதீங்க, தண்ணி அடிச்சுக் கரைச்சு திரும்ப உறிஞ்சச் சொல்லுங்க, ரெண்டு லோடு ஆகும், ஆகட்டும்.

பழைய டேங்க்னா ஜனங்க கொஞ்சமாவது பயப்படுறாங்க. புது டேங்குக்கு யாரும் பயப்படுறதே இல்ல. 2022 நவம்பர்ல கரூர்ல புதுசா கட்டின வீட்டு செப்டிக் டேங்க்ல சென்டரிங் பிரிக்க எறங்கினவங்க, தூக்கப் போனவங்கன்னு 4 பேர் செத்தாங்க. அதுல கழிவே இல்ல, அப்ப ஒருத்தரும் அந்த வீட்டுல குடி வந்திருக்கல. நாலு பக்கமும் மூடின குழி, சின்னதா ஒரு வாய், உள்ள ஈரப் பலகை, மழைத்தண்ணி, அது நாள்கணக்கா மூடிக் கெடந்தா ஊறிப்போன மரத்துல இருக்கிற கிருமி ஆக்சிஜனைத் தின்னு கார்பன் டை ஆக்சைடை விடும், நம்ம பேலஸ்ட் டேங்க்ல துரு பண்ற வேலையை இங்க பலகை பண்ணும்.

போன தடவை ஊருக்குப் போனப்ப மச்சான் வீடு கட்டிக்கிட்டு இருந்தாரு, செப்டிக் டேங்க் மூடிக்கு அன்னைக்குத்தான் சென்டரிங் அடிக்க ஆள் வர்றதா இருந்துச்சு. நான் கொத்தனார்கிட்ட பேசினேன், மூடியை மேல வச்சு வார்க்காம தரையில துண்டு துண்டா ஸ்லாப் வார்த்துக் காய வச்சு தூக்கி அடுக்கிட்டா உள்ள சென்டரிங்கே கிடையாது, பிரிக்க எவனும் எறங்க வேண்டியதில்ல. அவரு மொதல்ல மொறைச்சாரு, இத்தனை வருஷமா அடிக்கிறோம் தம்பி, ஒண்ணும் ஆனதில்லன்னாரு. அப்புறம் ஸ்லாப் தூக்க நாலு ஆள் கூட வேணும், அவங்க கூலி தனின்னாரு. மச்சான் கொஞ்சம் பேரம் பேசிப் பாத்தாரு, நடக்கல, கொடுத்துட்டோம்.